பயணத்தில் குவில்ட்டையும் கைத்துணியையும் பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

துணி பார்க்கப் பயணம் போகிறேன் என்று சொன்னாலே கடை கடையாக ஏறி இறங்கப் போவதாகத்தான் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வாங்குவதில் தப்பே இல்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் ஊசியும் நூலுமாக வேலை செய்கிற ஒருவருக்கு, அல்லது அப்படி வேலை செய்ய ஆசைப்படுகிற ஒருவருக்கு, பயணத்தில் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: ஒரு துணியைக் கையில் எடுத்ததும் எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தானாகவே தெரிந்துவிடும். அது பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கத்தை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் அறிவுரை மொத்தமும் ஒரு வரிதான்: குறைவான துணிகளைப் பாருங்கள், ஒவ்வொன்றையும் நேரம் எடுத்துப் பாருங்கள், முடிந்தால் திருப்பிப் பாருங்கள். மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

கிளம்புவதற்கு முன்

போகிற இடத்தில் என்ன துணி செய்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போடாதீர்கள். ஒரு பயணத்துக்கு ஒரு வகை போதும். குஜராத்தின் கட்ச் பக்கம் போகிறீர்கள் என்றால் அங்கே மரக்கட்டையால் அச்சடித்துச் சாயமிடும் அஜ்ரக், முடிச்சுப் போட்டுச் சாயமிடும் பந்தேஜ், பத்துப் பதினைந்து வகை எம்பிராய்டரி, துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ரல்லி போர்வை என்று கொட்டிக் கிடக்கும். எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்தால் ஊர் திரும்பும்போது எதுவும் மனதில் தங்காது. அஜ்ரக் மட்டும் என்று முடிவு செய்துகொண்டு போனால், அஜ்ரக்பூரில் ஒரே துணி கடுக்காயில் முக்கப்படுவதிலிருந்து அவுரித் தொட்டியில் இறங்கி எழுவதுவரை ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கலாம். அந்த ஊரே 2001 பூகம்பத்துக்குப் பிறகு தமட்கா கிராமத்து அச்சுக்காரர்கள் இடம் பெயர்ந்து வந்து உருவாக்கியது. நல்ல தண்ணீர் தேடித்தான் வந்தார்கள், ஏனென்றால் சாயத்தொழிலில் தண்ணீரின் குணம் மாறினால் நிறமும் மாறும். இந்த மாதிரி விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அங்கே போய்க் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும்.

பையில் வைத்துக்கொள்ள அதிகம் எதுவும் வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, பென்சில், தையல் டேப், சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று. மடித்து வைக்கிற மாதிரி, அடியில் ஒரு அங்குலச் சதுரம் திறந்திருக்கும் நூல் எண்ணும் லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, அதை அப்படியே துணிமேல் வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். பேனா வேண்டாம். பல அருங்காட்சியகங்களில் துணிக்குப் பக்கத்தில் பேனாவை அனுமதிப்பதில்லை, யாரோ ஒருவருடைய பல மாத உழைப்பின்மேல் மை சிந்துகிற வாய்ப்பை நாமும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பார்க்கும் வரிசை: தூரம், ஓரம், பின்பக்கம்

புதிதாகப் பார்ப்பவர்கள் நேராகப் போய்த் தையலில் மூக்கை வைத்துவிடுவார்கள். முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். குவில்ட் என்பது துணி அடுக்குகளை, பெரும்பாலும் நடுவில் பஞ்சு வைத்து, சேர்த்துத் தைத்த போர்வை. அது பெரிய பரப்பு, கட்டிலிலோ சுவரிலோ விரிந்து கிடக்கும்போது எப்படித் தெரியும் என்பதை மனதில் வைத்தே செய்திருப்பார்கள். எந்த நிறம் முன்னால் வருகிறது, எது பின்வாங்குகிறது, கண் எங்கே போய் நிற்கிறது, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வடிவம் எந்த இடத்தில் திடீரென்று மாறுகிறது? மாறுகிற இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே துணி தீர்ந்து போயிருக்கலாம், வேறு ஆள் தைத்திருக்கலாம், வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். பக்கத்தில் போனதும் முதலில் அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து ஓரம். எப்படி முடித்திருக்கிறார்கள்? அடித்துணியை மடித்து மேலே கொண்டுவந்து தைத்திருக்கிறார்களா, தனியாகப் பட்டி வைத்திருக்கிறார்களா, இரண்டு துணியையும் உள்ளே மடித்து மூடியிருக்கிறார்களா? பழைய போர்வையில் முதலில் தேய்வது ஓரம்தான் என்பதால் பல தடவை பட்டி மாற்றியிருப்பார்கள். பட்டி புதிதாகவும் நடுப்பகுதி பழையதாகவும் இருந்தால், அந்தப் போர்வையை யாரோ உபயோகித்து, கிழிந்து, திரும்பத் தைத்து, மறுபடியும் உபயோகித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைசியாகப் பின்பக்கம். கேட்காமல் திருப்பாதீர்கள். கேட்டால், செய்தவர்களே சந்தோஷமாகத் திருப்பிக் காட்டுவார்கள், பின்பக்கத்தைக் கேட்கிற ஆள் வேலை தெரிந்த ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். கையால் ஓட்டிய தையல் இரண்டு பக்கமும் விட்டு விட்டுத் தெரியும், ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, ஒரு புள்ளி என்று. மெஷின் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் பின்னிக்கொண்டு இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாத கோடாக ஓடும். நூல் முடிச்சைத் தேடுங்கள்: நல்ல கைவேலையில் முடிச்சை மேல்துணிக்குள் இழுத்துப் பஞ்சுக்கு நடுவில் புதைத்திருப்பார்கள். மெல்லிய கை குவில்ட்டிங்கில் மேல்பக்கம் மட்டும் எண்ணினால் அங்குலத்துக்கு 8 முதல் 12 தையல் வரும். ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் மதிப்புப் போட்டுவிடாதீர்கள். நீளத் தையலில் உயிரோடு இருக்கிற போர்வைகள் நிறைய உண்டு, எண்ணி எண்ணித் தைத்துச் செத்துப்போன போர்வைகளும் உண்டு.

மூன்று போர்வைகளைக் கொஞ்சம் கிட்டத்தில்

முறை புரிய உதாரணம் வேண்டும். முதலில் கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காட்டுப் பகுதிகளில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் தைப்பது. வழக்கமாகக் குவில்ட் என்றால் துண்டுகளைச் சேர்த்து மேல்துணியை முதலில் தயார் செய்து, பிறகு பஞ்சும் அடித்துணியும் வைத்துக் கோப்பார்கள். கவந்தியில் அந்த இரண்டு வேலையும் ஒரே வேலை. அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு துண்டையும் ஓரம் மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்து அப்படியே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அதற்கு உள்ளே அடுத்த சுற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடியும். கோடு போடுவதில்லை, அளவு எடுப்பதில்லை. நான்கு மூலையிலும் பல மடிப்பாக மடித்த சின்னத் துணித் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள், அதற்குப் பெயர் புலா, பூ என்றே அர்த்தம். அது இல்லாத கவந்தி அவர்களுக்கு முடிந்த கவந்தி இல்லை. அதனால் கவந்தி ஒன்றைப் பார்த்தால் நடுவிலிருந்து பார்க்காதீர்கள். மூலையில் ஆரம்பித்து, தையல் போன வழியிலேயே விரலை (அனுமதி இருந்தால்) ஓட்டிக்கொண்டு உள்ளே போங்கள். எந்தத் துண்டு எந்தத் துண்டின்மேல் ஏறியிருக்கிறது என்று கவனித்தால் தைத்தவர் எந்தப் பக்கமாகச் சுற்றினார் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

இரண்டாவது காந்தா, வங்காளத்தினுடையது. நைந்துபோன சேலை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சின்னச் சின்ன ஓட்டுத்தையலால் கோப்பது. பழைய காந்தாக்களில் வண்ண நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்திருப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது படத்தை இல்லை, படத்துக்கு இடையில் இருக்கிற வெள்ளை இடத்தை. பூவும் மீனும் தைத்த இடத்தைச் சுற்றி வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டி நிரப்பியிருப்பார்கள், அந்தத் தையல்தான் துணியைச் சிற்றலைபோல் சுருங்க வைக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் துணியைச் சாய்த்துப் பிடித்தால் தையல் எந்தத் திசையில் போனது என்று பளிச்சென்று தெரியும். இப்போது ஒற்றைத் துணியில், அடுக்கே இல்லாமல், அந்தத் தையலை மட்டும் போட்டுக் காந்தா என்று நிறைய விற்கிறார்கள். அது மோசம் என்று சொல்லவில்லை, அழகாகவே இருக்கும். ஆனால் அடுக்கு இல்லாததால் அந்த அலை சரியாக எழாது. ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தால் எத்தனை அடுக்கு என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர், இப்போதைய அதிகாரப்பூர்வப் பெயர் பாய்கின். அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வேலை உடைகளையும் மூட்டைத் துணியையும் வைத்துத் தைத்த குவில்ட்கள். 1966இல் அங்கே ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவு தொடங்கியது. 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் கண்காட்சி வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது, 2006இல் அஞ்சல்தலைகூட வந்தது. மிசௌரி பெட்வே 1942இல் தைத்த ஒரு போர்வை உண்டு, இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளைக் கிழித்துத் தைத்தது. இந்த வகைப் போர்வையில் டெனிம் துண்டுகளை மெதுவாகப் பாருங்கள். முட்டி இருந்த இடம் வெளுத்து மெலிந்திருக்கும். பையைப் பிரித்து எடுத்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத கரும்நீலம் அப்படியே ஒரு சதுரமாக நிற்கும். தைத்தவர் அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை, அந்தக் கரும்நீலச் சதுரத்தையும் ஒரு நிறமாகவே எடுத்துக் கையாண்டிருக்கிறார். நிறம் சேர்ப்பது பற்றி எந்த வகுப்பிலும் கற்றுக்கொள்ள முடியாதது இது என்பது என் கருத்து.

பஞ்சே இல்லாத குவில்ட்டும் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குக் தீவுகளின் திவாய்வாய், வெப்ப மண்டலத்தில் எதற்குக் கனத்த போர்வை, திருமணத்துக்கும் இறப்புக்கும் கொடுக்கிற மரியாதை அது. ஹவாய் குவில்ட்டில் பஞ்சு உண்டு, அங்கே துணியை எட்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டி விரித்து, அந்த ஒற்றை வடிவத்தை மொத்தமாக இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பார்கள், தையலும் அந்த வடிவத்தின் விளிம்பைப் பின்பற்றியே வெளியே வெளியே விரிந்துகொண்டு போகும்.

நெசவும் சாயமும் அச்சும்

இங்கே எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான், கைவேலையா மெஷினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒற்றைச் சோதனை கிடையாது. கரையோரத்தில் வரிசையாகச் சின்னத் துளை இருந்தால் கைத்தறி என்பார்கள், துணியின் அகலம் குறையாமல் இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசி பட்ட தடம் அது. விசைத்தறியிலும் அந்த மாதிரிக் கருவி உண்டு, தடம் விழும். குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரத்தில் திரும்பி வளைந்து மறுபடி உள்ளே போனால், அந்த நூலை இழுத்துக்கொண்டு போகிற நாடா ஓடிய தறி என்று மட்டும் சொல்லலாம், நாடா ஓடும் விசைத்தறிகளும் இருக்கின்றன. அதனால் இரண்டு மூன்று தடயத்தைச் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்: ஓரம், ஊடையின் நெருக்கம் இடத்துக்கு இடம் லேசாக மாறுவது, பின்பக்கம், கடைசியாக நெய்தவரின் பேச்சு.

இகாட் என்றால் குஞ்சத்தைப் பாருங்கள். இகாட்டில் நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் போடுகிறார்கள், அதனால் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், கட்டிச் சாயமிட்ட துணி என்றால் முனையில் நெய்யாமல் விட்ட ஒற்றை நூலே நீளவாக்கில் நிறம் மாறும், சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு. அச்சடித்த போலியில் அந்த நூலைத் திருகிப் பார்த்தால் ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெளுப்புமாக இருக்கும். வடிவத்தின் விளிம்பு எந்தத் திசையில் கலைந்திருக்கிறதோ அந்தத் திசை நூலில்தான் கட்டிச் சாயம் போட்டிருக்கிறார்கள். பாவு, ஊடை இரண்டையும் கட்டிச் சாயமிட்டு, நெய்யும்போது இரண்டு வடிவத்தையும் சரியாகப் பொருத்துவது இரட்டை இகாட். குஜராத்தின் பாட்டன் நகரத்துப் படோலாவும், பாலித் தீவில் தெங்கானன் கிராமத்தின் கெரிங்சிங்கும் அந்த வகை. படோலாவில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே சொல்ல முடியாது.

மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக்கில், கையால் வரைந்த துலிஸ் வகையில் மெழுகு இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும், பின்பக்கமும் கோடு அதே தெளிவோடு தெரியும், ஒரே பூவை இரண்டு இடத்தில் ஒப்பிட்டால் நிச்சயம் ஏதாவது வித்தியாசம் இருக்கும். செப்பு அச்சால் மெழுகு ஒற்றுவது சாப், அதுவும் கைவேலைதான், வடிவம் மட்டும் சீராகத் திரும்பத் திரும்ப வரும். பாத்திக் மாதிரி அச்சடித்த மெஷின் துணியில் பின்பக்கம் பெரும்பாலும் மங்கலாக இருக்கும்.

மரக்கட்டை அச்சில் புதியவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். கோணலாக இருந்தால் கையச்சு என்று நினைத்து வாங்குகிறார்கள், திரை அச்சுக்காரர்களும் அது தெரிந்து கோணலையே வடிவத்தில் சேர்த்து அடிக்கிறார்கள். எனவே கோணலைத் தேடாதீர்கள், கோணல் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். ஒரே மாதிரி விலகல், ஒரே அளவில், ஒரே தூரத்தில் வந்துகொண்டே இருந்தால் மெஷினோ திரையோ அடித்தது. கட்டையிலேயே ஒரு கீறல் இருந்தால் அதுவும் ஒவ்வொரு அச்சிலும் வரும்தான், ஆனால் சாயம் ஒட்டிய அளவும், ஒரு அச்சும் அடுத்த அச்சும் சேருகிற இடத்தில் விழும் இருட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருக்கும்.

கானாவின் கெந்தே துணியில் தையலைத் தேடுங்கள். ஏறத்தாழ நான்கு அங்குல அகலத்தில் நீள நீளப் பட்டைகளாக நெய்து, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைப்பதுதான் முறை, பட்டைக்குப் பட்டை இணைப்பே தெரியாத ஒரே அகலத் துணி என்றால் பெரும்பாலும் அச்சடித்தது. ஆண்டிஸ் மலைப்பகுதியின் பழைய முறை நெசவில் நான்கு ஓரமும் தறியிலேயே முடிந்திருக்கும், எங்கேயும் வெட்டு இருக்காது; வேண்டிய அளவுக்கே பாவு போட்டு, கடைசி இழைவரை ஊசியால் நுழைத்து முடிப்பார்கள். அந்தக் கடைசி அங்குலத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள், நெருக்கம் மாறும் அந்த இடத்தில் நெய்தவர் பட்ட பாடு தெரியும். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி விஷயத்தில் இந்தத் துப்பறியும் வேலையே வேண்டாம், ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெசவாளரின் வீட்டில் கையால் நெய்ததற்குத்தான் அந்தப் பெயர் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, உருண்டை முத்திரையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

நூலை எரித்துப் பார்க்கும் சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி கருகும் வாசனை, பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கடையில் நின்றுகொண்டு செய்யாதீர்கள். வாங்கின பிறகு ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, வெளியில், இடுக்கியில் பிடித்துச் செய்யுங்கள்.

அருங்காட்சியகத்தில்

துணியை வெளிச்சம் தின்னும். அதனால் கூடத்தில் 50 லக்ஸ் அளவுக்கு மங்கிய வெளிச்சம்தான் வைப்பார்கள், ஒரே துணியை வருடக்கணக்கில் தொங்கவிடவும் மாட்டார்கள், சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வுக்கு அனுப்பிவிடுவார்கள். இதில் உங்களுக்கு இரண்டு பாடம். உள்ளே போனதும் ஐந்து நிமிடம் கண்ணைப் பழகவிடுங்கள், அதற்குள் செல்போனை எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட துணி இப்போது காட்சியில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்னே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் என்ற பெண் தைத்தவற்றில் மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தவை இரண்டு குவில்ட்கள்தான், ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அதைப் பார்க்கவே கடல் தாண்டிப் போய்விட்டு, உள்ளே வைத்திருக்கிறோம் என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வீர்கள்?

அகமதாபாத்தின் காலிகோ அருங்காட்சியகத்தில், 1949இல் தொடங்கியது, முன்பதிவு செய்தால்தான் உள்ளே போக முடியும், படமும் எடுக்க முடியாது. இது எரிச்சலாகத் தெரியலாம், எனக்கு என்னவோ நல்லதாகவே படுகிறது, படம் எடுக்க முடியாத இடத்தில்தான் ஆட்கள் உண்மையில் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்தில் உள்ள சர்வதேச குவில்ட் அருங்காட்சியகம் 1997இல் ஒரு தம்பதி கொடுத்த சுமார் 950 குவில்ட்களோடு தொடங்கியது, அவர்களுடைய சேகரிப்பை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம் என்பதால் பயணமே போக முடியாதவர்களும் அங்கே தொடங்கலாம். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025இல் திறந்த ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸில், காட்சியில் இல்லாத பொருளைக்கூட முன்பதிவு செய்து, எடுத்து வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். இந்த மாதிரி வசதி வேறு பல இடங்களிலும் வேறு பெயரில் இருக்கிறது, ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். எந்தப் பொருள், எதற்காக என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். தையல் பழகுகிறேன் என்பதே தகுந்த காரணம்.

பழைய குவில்ட்டில் சேதத்தையும் படியுங்கள். பழுப்பும் கறுப்பும் மட்டும் உதிர்ந்து பக்கத்து நிறங்கள் நன்றாக இருந்தால், அந்தச் சாயத்தில் சேர்த்த இரும்பு பருத்தியை அரித்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பட்டுக் குவில்ட்களில் பட்டு நீள நீளமாக வெடித்திருக்கும், எடை கூட்டுவதற்காகப் பட்டில் உலோக உப்பு ஏற்றிய காலம் அது. கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று ஒரு துண்டைப் பார்த்து அது செயற்கைச் சாயம்தான் என்று உறுதியானால், 1856க்கு முன்னால் அந்தத் துண்டு வந்திருக்க முடியாது, பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தது அந்த ஆண்டில்தான்.

செய்கிறவர்களிடம் பேசும்போது

அவர்களுடைய வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், பாவில் கை வைக்காதீர்கள், மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டுத் துணியைத் தொடுங்கள். பேச்சை விலையில் ஆரம்பித்தால் அது விலையிலேயே முடியும். இதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதும் அலுத்துப்போன கேள்வி, வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நான் கேட்பது: இதில் எந்த இடம் கஷ்டம்? உங்களுக்கு எந்தத் துண்டு பிடிக்கும்? இது சரியாக வரவில்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் மிகவும் உபயோகமானது. பெரும்பாலும் நாம் அழகு என்று பார்த்ததை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள், நம் கண்ணில் படாத ஓர் இடத்தை விரலால் தொட்டு இங்கே இழுத்துவிட்டது என்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் தைத்த ஒரு சின்னத் துண்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அதை எடுத்து நீட்டினால் போதும், வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள்.

யார் தைத்தது என்பதையும் கேட்டுவிடுங்கள், அந்தப் பதில் நாம் நினைத்ததாக இருக்க வேண்டியதில்லை. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் (நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவச் சமூகம்) குவில்ட் என்று விற்றவற்றில் கணிசமானவை, லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹமாங் பெண்கள் தைத்தவை. அவர்களுடைய சொந்த மரபே துணிமேல் துணி வைத்துத் தைக்கும் நுணுக்கமான அப்ளிக் வேலைதான், அந்தக் கை ஆமிஷ் வடிவத்துக்கு அப்படிப் பொருந்திப் போனது. இதை ஏமாற்று என்று ஒதுக்குவதா, இரண்டு மரபு சந்தித்த இடம் என்று பார்ப்பதா? எனக்கு இரண்டாவதுதான் சரி, ஆனால் தைத்தவர் பெயரை விற்கிறவர் சொல்லாமல் விட்டால் அது தப்பு.

கதைகளிலும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் தப்பி ஓடும் அடிமைகளுக்கு வழிகாட்ட வேலியில் ரகசியக் குறியோடு குவில்ட் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது, வரலாற்று ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். கடவுள் மட்டுமே முழுமையானவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்பதும் அந்த ரகம், குவில்ட் தைக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், பிழையை வேறு யாரும் வைக்க வேண்டியதில்லை என்று சிரிப்பார்கள்.

வாங்குவதென்றால்

முதல் நாளில் வாங்காதீர்கள். முதலில் எது நல்லது என்று கண் பழகட்டும். பெரிய துணிக்குப் பணம் இல்லையென்றால் மலிவான பெரியதைத் தேடாமல் நல்லதில் சின்னதை வாங்குங்கள், பிரித்துப் பார்த்துப் படிக்க அது போதும். பனாமாவின் குனா பெண்கள் தைக்கும் மோலா இதற்கு நல்ல உதாரணம். வண்ணத் துணிகளை அடுக்கி, மேலே இருப்பதை வெட்டி மடித்து, கீழே இருப்பதைக் காட்டுகிற வேலை. ரவிக்கையின் முன்னும் பின்னும் வைப்பதற்காகச் செய்வதால் பெரும்பாலும் ஜோடியாகத்தான் பிறக்கும். கோடுகள் மெல்லியதாக, ஒரே அகலத்தில், தையல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உடுத்தியதிலிருந்து பிரித்தது என்றால் ஓரத்தில் பழைய தையல் தடம் இருக்கும், அது குறை இல்லை.

பேரம் பேசுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். செய்தவரே நேராக விற்கும்போது நான் பேசுவதில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். இடைத்தரகரிடம் உங்கள் சாமர்த்தியம்.

துணியை மடிக்காமல் சுருட்டி எடுத்து வாருங்கள், குவில்ட்டை மடித்தே ஆக வேண்டும் என்றால் மடிப்புக்குள் பழைய பருத்தித் துணியைச் சுருட்டி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மற்ற துணிகளோடு சேர்க்காமல் சில நாள் தனியாக வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். துவைக்கும் முன், ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின்மேலும் அழுத்தி எடுங்கள், நிறம் ஒட்டினால் தண்ணீரில் போடாதீர்கள். நனைந்த குவில்ட்டைக் கொடியில் தொங்கவிடக் கூடாது, தண்ணீரின் கனம் தையலை அறுத்துவிடும், தட்டையாக விரித்துக் காய வையுங்கள். நாள்பட வைப்பதென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை வேண்டாம், பருத்தி உறை போதும், அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றுங்கள்.

திரும்பி வந்த பிறகு

நோட்டில் எழுதியதைக் கை மறப்பதற்குள் ஒரு சாண் அளவில் தைத்துப் பாருங்கள். நுட்பத்தைக் கற்றுக்கொள்வதற்கும் வடிவத்தை எடுத்து விற்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. பயிற்சிக்காக மோலாவைப் பார்த்து வெட்டித் தைக்கலாம், குனா மக்களின் வடிவத்தைப் பையிலும் சட்டையிலும் போட்டு விற்பது வேறு கதை, பனாமாவில் பூர்வகுடிகளின் கூட்டு உரிமையைக் காக்க 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாத இடத்திலும் எங்கிருந்து கற்றது என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் கவந்தி முறையைத்தான் சொல்வேன், அளவு வேண்டாம், மெஷின் வேண்டாம், மூலையில் ஆரம்பித்துச் சுற்றி வந்தால் போதும். பழைய பருத்திச் சட்டை இரண்டும் கெட்டியான பருத்தி நூலும் எடுத்துக்கொள்ளுங்கள், பலமுறை துவைத்த துணியில் மடிப்பு நிற்கும், ஊசி சுலபமாக இறங்கும். பாலியஸ்டரில் மட்டும் தொடங்காதீர்கள், மடித்த ஓரம் ஒவ்வொன்றும் திறந்து திறந்து எழுந்து முதல் சுற்றிலேயே உங்களைச் சலிக்க வைத்துவிடும்.